மலையேறும் ஊர்தியும் விளம்பர மொழியும்

விளம்பரம் என்பது வணிகரின் குரல். அதைக் கேட்பதில் குற்றமில்லை. கேட்டதை அவ்வாறே நம்பிவிடுவதுதான் குற்றம். அறிவியல் பயிலும் மாணவர் எவராயினும், ஒரு கூற்றைக் கேட்டவுடன் மூன்று வினாக்களை எழுப்பப் பழகியிருப்பர். எந்த நிலையில்? எந்த அளவிற்கு? எத்தனை முறை? ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் நாம் கேட்கும் இம்மூன்று வினாக்களையும், இன்று பலருடைய கண்ணையும் கருத்தையும் கவர்ந்து நிற்கும் ஒரு பொருளின்மேல் செலுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அப்பொருள் எஸ்.யூ.வி. என்று வழங்கும் பெரிய ஊர்தி. அதிலும் ஒரு கோடி ரூபாய் அளவில் விலைபோகும் ஆடம்பர வகை. ஜாதவ்பூரிலிருந்து கடியாஹாட் வரை பேருந்தில் போனாலே போதும். அவற்றில் பத்துப் பன்னிரண்டைக் காணலாம். விளம்பரப் படத்தில் அவை பனிமலையில் ஏறுகின்றன, ஆற்றைக் கடக்கின்றன, பாலைவன மணலைப் பறக்கவிடுகின்றன. நம் கண்முன்னோ அவை ரிக்ஷாவின் பின்னால் நின்று ஒலி எழுப்புகின்றன. படத்தில் காட்டுவது மெய்யா, பொய்யா?

வினா எழுந்த வகை

இவ்வினாவை நான் பொழுதுபோக்கிற்காக எடுத்துக்கொள்ளவில்லை. என் ஊர் போடிநாயக்கனூர். என் சித்தப்பா சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநர். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில் உள்ளது. ஆனால் வண்டியில் அங்கே போக வேண்டுமானால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். கல்லும் பள்ளமுமான அவ்வழியில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி போவது அரிது.

சென்ற மாதம் சித்தப்பா தொலைபேசியில் பேசினார். தரகர் ஒருவர் அவரிடம் பத்து ஆண்டு ஓடிய ஓர் ஆடம்பர ஊர்தியைக் காட்டியிருக்கிறார். புதிய பொலேரோ ஒன்றின் விலைக்கே அதைத் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். “வர்றவங்க எல்லாம் நல்ல வண்டி கேக்குறாங்கப்பா. ஜீப்பை வித்துட்டு, சித்தி நகையையும் வச்சா வாங்கிரலாம். விளம்பரத்துல என்னென்னமோ காட்டுறான். நீ இதெல்லாம் படிக்கிற பிள்ளை. அந்த வண்டி நம்ம மலையில ஏறுமா, ஏறாதா? அதை மட்டும் சொல்லு” என்றார்.

உடனே விடை சொல்ல எனக்கு நா எழவில்லை. “ஒரு வாரம் பொறுங்க சித்தப்பா” என்றேன். அந்த வாரத்தில் படித்ததும் எண்ணியதுமே இக்கட்டுரை.

ஊர்தி பிறந்த வரலாறு

ஒரு பொருளின் இயல்பை அறிய அதன் பிறப்பை அறிதல் நன்று. இரண்டாம் உலகப்போரின்போது, 1941-ஆம் ஆண்டு முதல் அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் ஜீப் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது. போர் முடிந்தபின் அது உழவர்களின் கைக்கு வந்தது. நம் நாட்டில் மகிந்திரா நிறுவனத்தார் 1947-ஆம் ஆண்டில் பம்பாயில் அதனைப் பூட்டி விற்கத் தொடங்கினர்.

அதே ஆண்டில், இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் என்பவர், தம் பண்ணையில் ஓடிய பழைய படை ஜீப்பைக் கண்டு, அதைப்போல் ஒன்றை நாமே செய்தாலென்ன என்று எண்ணினார். வேல்ஸ் நாட்டின் ஆங்கில்சி தீவில், கடற்கரை மணலில் அதன் வடிவத்தை அவர் வரைந்து காட்டியதாகக் கூறுவர். 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லேண்ட் ரோவர் அரங்கேறியது. போருக்குப்பின் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்ததால், அதன் உடலை அலுமினியக் கலவையால் செய்தனர். அந்தத் தட்டுப்பாடே பின்னர் நன்மையாயிற்று, உடல் துருப்பிடிக்கவில்லை.

1970-ஆம் ஆண்டில் ரேஞ்ச் ரோவர் வந்தது. இன்று அரண்மனை அறைபோல் விளங்கும் அவ்வூர்தி, முதலில் எப்படி இருந்தது தெரியுமா? சேற்றுக் காலோடு ஏறி அமரலாம்; பிறகு உட்புறத்தை நீர்க்குழாய் வைத்துக் கழுவிவிடலாம். அப்படித்தான் அதைச் செய்தனர். தோலும் மரமும் கம்பளமும் பின்னர் வந்தவை. 1979-ஆம் ஆண்டில் மெர்சிடீஸ் நிறுவனத்தின் ஜி-வகை ஊர்தியும் இவ்வாறே உழைப்புக்காகப் பிறந்தது. ஆக, இக்குலத்தின் முன்னோர் மெய்யாகவே மலையேறியவர்கள். பேரர்கள் எப்படி என்பதே நம் வினா.

மலையேற வேண்டுவன யாவை?

நம்மில் பலர் குதிரைத்திறன் மிகுந்தால் மலையேறலாம் என்று கருதுகிறோம். அது பிழை. சக்கரம் தரையைப் பற்றினால்தான் எஞ்சினின் வலிமை பயன்படும். பற்றாவிட்டால் எத்தனை குதிரை இருந்தும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

இதனைப் பள்ளியில் பயின்ற கணக்கு ஒன்றால் விளக்கலாம். சாய்ந்த தளத்தில் நிற்கும் வண்டியைக் கீழே இழுப்பது அதன் எடையின் ஒரு பகுதி. மேலே தாங்குவது உராய்வு. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி ஏற வேண்டுமானால், சரிவுக் கோணத்தின் டான்ஜென்ட் அளவு உராய்வுக் குணகத்தைவிட மிகாதிருக்க வேண்டும். ஈரமண்ணின் உராய்வுக் குணகத்தைக் கணக்கிற்காக 0.3 என்று கொள்வோம். அப்போது நான்கு சக்கர இழுப்புள்ள வண்டி ஏறத்தக்க சரிவு ஏறத்தாழ 17 பாகை. இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுத்து, அவற்றின்மேல் பாதி எடையே இருந்தால், 8 அல்லது 9 பாகைதான். ஓட்டுநர்கள் “ஃபோர் வீல் போடு” என்று சொல்வதன் பொருள் இதுவே.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. வண்டியின் எடை இருபுறமும் வந்து அடிபட்டுப் போகிறது. அப்படியானால் இரண்டேகால் டன் வண்டியும் ஒன்றேகால் டன் வண்டியும் ஒன்றுதானா? கெட்டிப் பாறையில் ஒன்றுதான். சேற்றில் அன்று. சேறு கனத்த வண்டியை விழுங்குகிறது. தாளில் அடிபட்டுப்போன எடை, சேற்றில் திரும்பி வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது.

அடுத்தது வடிவக் கணக்கு. மேடு ஒன்றைக் கடக்கும்போது முன்சக்கரம் ஏறி இறங்கியபின் வண்டியின் வயிறு மேட்டில் தட்டாமல் இருக்க வேண்டும். இரு அச்சுகளுக்கும் இடையே 2 மீட்டரும், தரையிலிருந்து வயிற்றுக்கு 25 சென்டிமீட்டரும் இருந்தால், அவ்வண்டி ஏறத்தாழ 28 பாகை முறிவுள்ள மேட்டைக் கடக்கும். உயரம் அதுவேயாக, அச்சுகளின் இடைவெளி 3 மீட்டரானால் 19 பாகைதான். (சக்கரத்தின் வளைவைச் சேர்க்காத எளிய கணக்கு இது.) முதல் லேண்ட் ரோவரின் அச்சு இடைவெளி 80 அங்குலம், அஃதாவது 2 மீட்டரைவிடச் சிறிது அதிகம். இன்றைய ஆடம்பர ஊர்திகள் பலவற்றிற்கு அது 3 மீட்டரை நெருங்குகிறது. பின்னிருக்கையில் கால் நீட்டி அமர வேண்டுமல்லவா? அந்தச் சுகத்திற்கு மேட்டில் விலை கொடுக்கிறோம்.

மூன்றாவது, தாழ்ந்த பல்சக்கர அடுக்கு. ஜீப் ஓட்டுநர்கள் “லோ” என்று கூறுவது அதுவே. வண்டி ஆமைபோல் ஊர்ந்தாலும் எஞ்சின் திணறாமல் இழுக்கும். இறங்கும்போதும் பிரேக்கை மிதித்துச் சூடேற்றாமல் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும். இவ்வடுக்கு உண்டா இல்லையா என்பதே மலை வண்டியை அறியும் முதல் அடையாளம்.

நான்காவது டயர். இதைப் பற்றி விளம்பரம் வாய் திறப்பதே இல்லை. இரண்டேகால் டன் வண்டியின் ஒரு சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 550 கிலோ எடை விழுகிறது. டயரில் 35 பவுண்டு காற்று இருந்தால், அது தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்டிமீட்டர். காற்றைப் பாதியாக இறக்கினால் பரப்பு இருமடங்காகும். மணலிலும் சேற்றிலும் வண்டி புதையாது. செலவில்லாத வித்தை இது; நம் மலை ஓட்டுநர்கள் நன்கறிந்தது. ஆனால் இவ்வித்தைக்கு டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்க வேண்டும். அழகுக்காக 22 அங்குல வளையமும் மெல்லிய டயரும் பூட்டிய வண்டியில் அச்சுவர் 11 சென்டிமீட்டர் அளவே இருக்கும். அதில் காற்றை இறக்கிக் கல்லில் ஏற்றினால், வளையம் கல்லை முத்தமிடும்.

மூவகை ஊர்திகள்

இனி, விலையுயர்ந்த ஊர்திகள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் நிறுத்தல் நேர்மையன்று. அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பழைய முறைப்படி ஏணி போன்ற சட்டத்தின்மேல் உடலை ஏற்றியவை. மெர்சிடீஸ் ஜி-வகையும், டொயோட்டா லேண்ட் க்ரூசரும் இவ்வினம். தாழ்ந்த அடுக்கு உண்டு. ஜி-வகையில் மூன்று டிஃபரன்ஷியல்களையும் பூட்டலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால், பூட்டில்லாத வண்டியில் அந்தச் சக்கரம் மட்டும் வீணே சுழலும். பூட்டிவிட்டால் தரையிலுள்ள சக்கரம் இழுக்கும்.

இரண்டாம் வகை, ஏணிச் சட்டம் இன்றியே, மலையேறும் உறுப்புகளைத் தாங்கியவை. ரேஞ்ச் ரோவரும், 2019-ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய டிஃபண்டரும் இவ்வகை. டிஃபண்டர் 110 என்னும் வண்டி, காற்று வில்லால் உடலைத் தூக்கிக்கொண்டால், தரையிலிருந்து 291 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கிறது. முன்புறம் 38 பாகை, நடுவில் 28, பின்புறம் 40 பாகை என அதன் அளவுகள் அமைகின்றன. நீண்ட வண்டியாயினும் குட்டை வண்டியின் அளவை எட்டிவிடுகிறது. இது பொறியியலின் வெற்றி என்பதில் ஐயமில்லை. ஏளனம் செய்வோர் இதனை மறத்தல் ஆகாது.

மூன்றாம் வகையே எண்ணிக்கையில் மிகுதி. உருவத்தில் உயரமாக, உள்ளமைப்பில் காராகவே இருப்பவை அவை. தாழ்ந்த அடுக்கு இராது. நான்கு சக்கர இழுப்பு இருந்தாலும், மழையில் வழுக்கும் நெடுஞ்சாலைக்காக அமைந்தது அது. சிலவற்றில் அதுவும் இல்லை. சென்னைக்கு அருகே பூட்டி, 2023-ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் விற்ற பி.எம்.டபிள்யூ எக்ஸ்-1 ஊர்தியில் முன்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அந்நிறுவனம் 1999-ஆம் ஆண்டில் எக்ஸ்-5 வந்தது முதலே தன் ஊர்திகளைப் ‘பயன்பாட்டு’ ஊர்தி என்னாமல் ‘செயல்பாட்டு’ ஊர்தி என்று வேறு பெயரால் அழைத்து வருகிறது. பெயரிலேயே உண்மை ஒளிந்திருக்கிறது, படிப்பவர்தாம் குறைவு.

ஆகவே, “எந்த அளவிற்கு?” என்ற வினாவிற்கு விடை வண்டிக்கு வண்டி வேறுபடும். முதல் இரு வகைகள் தம் விளம்பரத்திற்கு ஏறத்தாழ உரியவை. மூன்றாம் வகை, முன்னோரின் புகழில் குளிர்காய்கிறது.

படிக்கட்டில் நடந்த இரு சோதனைகள்

“எந்த நிலையில்?” என்ற வினாவிற்குச் சீன நாட்டின் தியன்மென் மலை நல்ல விடை தருகிறது. அம்மலையில் 99 வளைவுகள் கொண்ட சாலையும், அதன் முடிவில் ‘வானவாயில்’ என்னும் பாறை வாயிலுக்கு ஏறும் 999 படிகளும் உள்ளன. 2018-ஆம் ஆண்டு ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் வண்டி ஒன்று அப்படிகளில் ஏறி உச்சியை அடைந்தது. அப்படம் உலகெங்கும் பரவியது. படிகளின் சரிவு சில இடங்களில் 45 பாகை. நம் கணக்கின்படி அதற்கு உராய்வுக் குணகம் 1 வேண்டும். எப்படி ஏறியது? படியின் விளிம்பு டயருக்குப் பிடி கொடுக்கிறது. வெறும் உராய்வன்று, பல்லைப் பல் கௌவுவது போன்ற பிடிப்பு. வண்டியை ஓட்டியவரோ ஹோ-பின் துங் என்னும் பந்தய வீரர். வண்டி ஏறியது மெய். ஆனால் ஏறியது தேர்ந்த கை, திட்டமிட்ட நாள், ஒரே முறை.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவின் செரி நிறுவனம் அதே படிகளில் தன் ஊர்தியை ஏற்ற முயன்றது. பாதியில் வண்டி பின்னோக்கிச் சறுக்கித் தடுப்பை உடைத்தது. பாதுகாப்புக்காகக் கட்டிய கயிறு கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டதே காரணம் என்று கூறி நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நல்ல வேளையாக எவர்க்கும் காயமில்லை. வெற்றிகண்ட படத்தைவிட இத்தோல்வியே நமக்கு அதிகம் கற்பிக்கிறது. ஒரு வெற்றிக்குப் பின்னால் எத்தனை கயிறுகள், எத்தனை ஆட்கள், எவ்வளவு முன்னேற்பாடு என்பதைத் தோல்வி நேர்ந்தபோதுதான் கண்டோம்.

வெள்ளத்தில் கண்டது

தியன்மென் மலை வெகு தொலைவு. நம் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் இந்நகரில் 251.4 மில்லிமீட்டர் மழை பெய்தது நம் எல்லோர்க்கும் நினைவிருக்கும். பூசை நெருங்கிய நேரம். நகரில் பலர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் மின்சாரம் தாக்கி மாண்டனர். அத்துயரத்தின் நடுவே வண்டிகளைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆயினும் அன்று கண்ட காட்சி ஒன்று இங்கே பயன்படும்.

எங்கள் விடுதியருகே, தொடையளவு நீரில் ஓர் ஆடம்பர ஊர்தி நின்றுவிட்டது. ஓட்டியவர் சாவியை மீண்டும் மீண்டும் திருகினார். அதுவே பெரும்பிழை. காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த இயலாது. நீர் புகுந்த எஞ்சினைச் சுழற்றினால் உள்ளிருக்கும் தண்டு வளையும். காப்பீட்டில் எஞ்சினுக்கென்று தனியாகப் பணம் கட்டியிராவிட்டால், இச்சேதத்திற்கு இழப்பீடு கிடைப்பது அரிது. அவர் கைபிசைந்து நிற்க, முதியவர் ஒருவர் வேன் ரிக்ஷாவில் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு அருகே மிதித்துச் சென்றார்.

900 மில்லிமீட்டர் நீரைக் கடக்கும் என்று புதிய டிஃபண்டருக்கு அளவு கூறப்படுகிறது. அது பொய்யன்று. ஆனால் அந்த அளவு, மெதுவாக ஓட்டும்போது, தேங்கிய நீரில், அடித்தரை கெட்டியாக இருக்கும் நிலைக்கு உரியது. ஓடும் நீரில் கதை வேறு. ஆர்க்கிமிடீஸ் விதியைக் கொண்டு பார்ப்போம். நீர் புகாத அறை 3 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் கொண்டது என்க. அது 30 சென்டிமீட்டர் மூழ்கினால், 1.6 டன் எடையுள்ள நீரை ஒதுக்குகிறது; அந்த அளவிற்கு மேலெழும் விசையும் பிறக்கிறது. இரண்டேகால் டன் வண்டியில் சக்கரங்களின்மேல் எஞ்சுவது ஏறத்தாழ 0.65 டன்தான். எடை போனால் பிடிப்பும் போயிற்று. வண்டி படகாகிறது, ஆனால் துடுப்பு இல்லாத படகு. ‘இந்த வண்டி போகும்’ என்ற விளம்பர நம்பிக்கை உயிரையே கேட்கும் இடம் இதுதான்.

சந்தக்பூ கற்பித்த பாடம்

மூன்றாம் வினா, “எத்தனை முறை?” என்பது. இதற்கு விடை நம் மேற்கு வங்கத்திலேயே இருக்கிறது.

டார்ஜிலிங் மலையில், நேபாள எல்லையை ஒட்டி மானேபஞ்சன் என்ற சிற்றூர் உண்டு. அங்கிருந்து சிங்கலிலா மலைத்தொடர் வழியாக 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ வரை முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பாதை. உச்சியில் நின்றால் காஞ்சன்ஜங்காவையும், வானம் தெளிவானால் எவரெஸ்டையும் காணலாம். இப்பாதையில், தேயிலைத் தோட்டத் துரைமார் காலத்தில் வந்த 1950-களின் லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. பாதையின் சில பகுதிகளில் காங்கிரீட்டு போட்டபின் பொலேரோக்களும் ஓடுகின்றன. ஆயினும் அப்பழைய வண்டிகள் முற்றும் ஓய்ந்துவிடவில்லை.

சென்ற நவம்பரில் வகுப்புத் தோழர் ஐவரோடு அவற்றுள் ஒன்றில் ஏறினேன். என் தந்தையைவிட மூத்த வண்டி. இருக்கையோ மரப்பலகைக்கு உறவினர். கையருகே பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான் அலங்காரம். ஓட்டுநரைத் ‘தாஜு’ என்று அழைத்தோம். நேபாளி மொழியில் அண்ணன் என்று பொருள். காளிபோக்ரியில் தேநீருக்கு நின்றபோது, அவர் குனிந்து பட்டை வில்லை ஒரு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். ஓசையைக் கேட்டே எந்தப் பட்டை தளர்ந்தது என்று அறிந்தார். போடியில் சித்தப்பாவும் இதைத்தான் செய்வார். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மொழியும் முகமும் வேறான ஒருவரிடம் அதே செவியைக் கண்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

“இதன் எஞ்சின் எழுபது ஆண்டுப் பழையதா?” என்று கேட்டேன். தாஜு சிரித்தார். எஞ்சினை மாற்றி, மகிந்திரா டீசல் எஞ்சின் வைத்திருக்கிறாராம். இங்கு ஓடும் பல வண்டிகளின் நிலை அதுவே. இதைக் கேட்டபோது முதலில் ஏமாற்றமாக இருந்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். எஞ்சினை மாற்ற முடிந்ததே, அதுவல்லவா அவ்வண்டியின் பெருமை! சிலிகுரிச் சந்தையில் கிடைப்பதை வாங்கி, ஊர்க் கொல்லரைக் கொண்டு பொருத்திவிடலாம். காற்று வில் கசிந்து, திரையில் எச்சரிக்கை எரிந்து, கணினி வைத்திருக்கும் பட்டறைக்காக நூறு கிலோமீட்டர் போக வேண்டிய வண்டி, முதல்நாள் எத்தனை அழகாக ஏறினாலும் முந்நூறாம் நாள் ஏறுமா?

விளம்பரம் வண்டி ஏறுவதைக் காட்டுகிறது. அது இறங்குவதைக் காட்டுவதில்லை. மறுநாள் காலையில் மீண்டும் ஏறுவதையோ எப்போதுமே காட்டுவதில்லை. சந்தக்பூவில் அந்த மறுநாள்தான் வாழ்க்கை.

முடிவு

இதுவரை ஆராய்ந்ததைத் தொகுத்துரைப்போம். ஆடம்பர ஊர்திகளுள் ஒரு சிறு பிரிவு, தன் விளம்பரம் கூறும் ஆற்றலை மெய்யாகவே உடையது. பெரும்பிரிவு அதன் தோற்றத்தை மட்டும் உடையது. ஆற்றலுள்ள வண்டியும் சரியான டயர், பழகிய கை, பழுது பார்க்கும் வசதி இம்மூன்றும் சேர்ந்தாலன்றி மலையில் பயன்படாது. விளம்பரம் பொய் சொல்வதைவிட, இம்மூன்றையும் சொல்லாமல் விடுவதே மிகுதி.

பழையது எல்லாம் பொன் என்பதும் என் கருத்தன்று. அந்த லேண்ட் ரோவரில் எனக்கு இருக்கை வார் இல்லை. மோதினால் காக்கும் காற்றுப்பை இல்லை. அத்துறையில் புதிய வண்டி எவ்வளவோ மேல். மலைப்பாதையில் கூலி வேலைக்குச் செல்லும் நம் பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்துத் தொங்கிச் செல்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ‘ஜீப் எதையும் தாங்கும்’ என்பதும் ஒரு விளம்பரந்தான். அதை யாரும் அச்சிடவில்லை, அவ்வளவே.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பாவிடம் பேசினேன். “அந்த வண்டி ஏறும் சித்தப்பா. ஆனா நீங்க தினமும் ரெண்டு தடவை ஏத்துனா, ஒரு வருசத்துல அதைச் சரிபண்றதுக்கே சித்தி நகை பத்தாது. வேண்டாம். நம்ம ஜீப்புக்கு நாலு நல்ல டயர் போடுங்க, பிரேக்கைப் பாருங்க, எல்லா சீட்டுக்கும் பெல்ட் வைங்க. ஆளைக் குறைச்சு ஏத்துங்க” என்றேன்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. புதிய வண்டியில் அமர்ந்து ஊருக்குள் வரும் ஆசை அவருக்கும் இருந்திருக்கும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். பிறகு, “டயரு போட்டுருவேன். ஆளைக் குறைச்சா வருமானம் குறையுமேப்பா” என்றார். அந்த வினாவிற்கு என் கணக்கில் விடை இல்லை. அவர் டயர் மாற்றிவிட்டார் என்றும், பெல்ட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார் என்றும் சித்தி சொன்னார்கள். நகை வீட்டிலேயே இருக்கிறது.

நண்பர்களே, நாளை நாம் பொருளீட்டத் தொடங்குவோம். பளபளக்கும் பலகைகள் நம்மை நோக்கியும் கைகாட்டும். அப்போது எதை வாங்கினாலும் வாங்குங்கள். ஆனால் எந்த நிலையில், எந்த அளவிற்கு, எத்தனை முறை என்று மூன்று வினாக்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். நமக்காக இல்லாவிட்டாலும், ஊரிலிருந்து ‘நீ படிக்கிற பிள்ளை, சொல்லு’ என்று கேட்கும் ஒருவருக்காகவேனும் அவ்வினாக்கள் நம் நாவில் இருக்கட்டும்.